திரை இல்லாத கருவியோடு நான்கு நாள் கடற்கரையில்

மார்ச் 16, திங்கள்

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். காற்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அறையில் பையை வைத்த கையோடு, உலோகம் தேடும் புதுக் கருவியை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டேன்.

நான்கு வருடமாக டிஜிட்டல் மெட்டல் டிடெக்டர் ஒன்றைத்தான் வைத்திருந்தேன். மண்ணுக்குள் இருப்பது என்னவாக இருக்கும் என்று திரையில் ஒரு எண் காட்டும். எண் பெரிதாக இருந்தால் தோண்டுவேன், சின்னதாக இருந்தால் நகர்ந்துவிடுவேன். நாளாக ஆக, காதில் விழும் சத்தத்தை நான் கேட்பதே இல்லை என்பது உறைத்தது. அதனால்தான் இந்த அனலாக் கருவியை வாங்கினேன். இதில் திரை கிடையாது. மூன்று குமிழ்கள் மட்டும்: எவ்வளவு கூர்மையாகக் கேட்க வேண்டும் என்பதற்கு சென்சிட்டிவிட்டி, எந்த உலோகத்துக்கு வாய் திறக்கக் கூடாது என்பதற்கு டிஸ்கிரிமினேஷன், மண்ணின் குணத்துக்கு ஏற்றபடி சரிசெய்ய கிரவுண்ட் பேலன்ஸ். மற்றதெல்லாம் ஹெட்போனில்.

முதல் அரை மணி நேரம் ஒரே இரைச்சல். தண்டின் நுனியில் தரையைத் தடவிப் போகும் தட்டுதான் காயில். அதை எங்கே கொண்டுபோனாலும் கத்தியது. தோண்டினால் ஒன்றும் இல்லை. மறுபடி கத்தும், மறுபடி தோண்டுவேன். பத்துப் பன்னிரண்டு குழிகள் வீண். புதுக் கருவி பழுதோ என்று மனசு கனத்துப்போனது. படகு நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "தம்பி, அந்த ஒயரு ஆடுதே, அது ஆடலாமா?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். காயிலிலிருந்து, குமிழ்கள் இருக்கும் பெட்டிக்குப் போகும் கேபிளைத் தண்டில் தளர்வாகச் சுற்றியிருந்தேன். காயிலுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒன்று காந்தப்புலத்தை அனுப்புகிறது. பக்கத்தில் உலோகம் எதுவும் இல்லாதபோது இன்னொன்றில் எதுவும் கேட்காதபடி இரண்டையும் சமன்செய்து வைத்திருப்பார்கள். உலோகம் வந்தால் அந்தச் சமநிலை குலையும், நமக்குச் சத்தம் கேட்கும். காயிலுக்குப் பக்கத்தில் கேபிள் அசைந்தாலும் அதே சமநிலைதான் குலைகிறது. கேபிளை இறுக்கிச் சுற்றி நாடாவால் கட்டினேன். காயிலின் அடி மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி ஈர மணல். அதையும் தட்டிவிட்டு மாட்டிய பிறகு கருவி அமைதியானது. பெரியவருக்கு நன்றி சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம், மக்கள் துண்டு விரித்து உட்காரும் உலர்மணல் பகுதியில் நடந்தேன். ஐந்து நாணயங்கள், ஒன்பது பாட்டில் மூடிகள், ஒரு கொண்டை ஊசி. நாணயத்தின் சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று முடிகிறது, விளிம்பு சுத்தமாக இருக்கிறது. இரும்பு மூடியும் அதே பலத்தோடுதான் ஒலிக்கும். ஆனால் காயிலைக் கொஞ்சம் உயர்த்தி வீசினால் அதன் ஓரம் கிழிந்தாற்போல் கேட்கிறது. இந்த ஓரத்தை டிஜிட்டல் கருவியில் நான் ஒரு நாளும் கவனித்ததில்லை.

ராத்திரி அறையில் ஓர் ஆசை, காயிலைக் கட்டிலுக்கு மேலே கொண்டுபோனேன். மெத்தை முழுக்க ஸ்பிரிங். அலறிவிட்டது. 1881 நினைவுக்கு வந்தது. அந்த ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட, தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். சோதனைகளில் அது வேலை செய்தது. நோயாளியின் மேல் வைத்தபோது எங்கு பார்த்தாலும் மெல்லிய சத்தம். படுக்கைக்கு அடியில் எஃகுக் கம்பி மெத்தை ஒன்று இருந்தது அப்புறம்தான் பெல்லுக்குத் தெரிந்தது. அதோடு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று மருத்துவர் நம்பியதால் அந்தப் பக்கம்தான் தேடவிட்டார்கள். குண்டு இருந்தது இடப்பக்கம். செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்துபோனார். அந்த அறையில் ஹெட்போனைப் போல ஒரு தொலைபேசிக் குழலைக் காதில் வைத்துக்கொண்டு பெல் எப்படித் தவித்திருப்பார் என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

அமாவாசை நெருங்குவதால் காலையில் நீர் நன்றாக இறங்கியிருந்தது. எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் மணல் இருபது முப்பது அடி வெளியே தெரிந்தது. இதற்காகத்தான் இந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தேன். ஆசையாக இறங்கினேன்.

ஈர மணலில் காயில் பட்டதும் கருவி புலம்ப ஆரம்பித்தது. இந்த முறை கேபிள் இறுக்கமாகத்தான் இருந்தது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். இது ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவி. இதற்கு நனைந்த உப்பு மணல் முழுவதும் ஒரு பெரிய அலுமினியத் தாளை விரித்ததுபோலத்தான். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் கருவிகள் இதைச் சமாளிக்கும். மின்துடிப்புகளை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும் பல்ஸ் வகைக் கருவிகள் இன்னும் நன்றாகச் சமாளிக்கும். என்னுடையது அப்படி இல்லை என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஆனாலும் இவ்வளவு என்று நினைக்கவில்லை.

சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் குறைத்தேன். டிஸ்கிரிமினேஷன் குமிழை அலுமினியத் தாளுக்கான குறியைத் தாண்டித் திருப்பினேன். புலம்பல் அடங்கியது. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாணயம், நான்கு ஈயக் குண்டு. தூண்டில் போடுகிறவர்கள் நரம்பில் கட்டும் குண்டுகள் அவை.

வெயில் ஏறியதும் மேலே உலர்மணலுக்கு வந்தேன். அங்கே ஓர் இளம்பெண்ணும் அவருடைய அம்மாவும் குனிந்து கையால் மணலை அரித்துக்கொண்டிருந்தார்கள். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, நேத்து சாயங்காலம் என் மோதிரம் இங்க விழுந்திருச்சு. பாட்டி போட்டிருந்தது. கொஞ்சம் தேடித் தர முடியுமா?"

மெல்லிய தங்க வளையம், கல் கிடையாது, உள்பக்கம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்குமாம். எந்த இடம் என்று கேட்டேன். அவர் ஓர் இடத்தைக் காட்டினார், அம்மா நான்கு அடி தள்ளி இன்னோர் இடத்தைக் காட்டினார். இரண்டையும் சேர்த்து, குதிகாலால் கோடு இழுத்து, எட்டு மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டேன். காயில் போன தடத்தில் பாதியாவது அடுத்த வீச்சில் மறுபடி வர வேண்டும், காயில் தரையை உரசினாற்போல் மட்டமாகவே போக வேண்டும், கை ஓரத்துக்கு வரும்போது மேலே தூக்கக் கூடாது. அப்படியே இரண்டரை மணி நேரம் நடந்தேன். நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை.

கிடைக்கவில்லை. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, "நீங்க இவ்வளவு பாத்ததே பெருசு தம்பி" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. இங்கே இருந்திருந்தால் கேட்டிருக்கும் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு கருவியைத் துடைத்து வைக்கும்போதுதான் டிஸ்கிரிமினேஷன் குமிழ் கண்ணில் பட்டது. காலையில் ஈர மணலுக்காகத் திருப்பிய இடத்திலேயே நின்றிருந்தது. உலர்மணலுக்கு வந்த பிறகு நான் அதைத் தொடவே இல்லை. சாக்லேட் உறையும் மாத்திரை அட்டையும் கத்தாமல் இருந்தது வசதியாக இருந்ததால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

சோதனைக்கென்று ஒரு மெல்லிய தங்க மோதிரத்தை எப்போதும் பையில் வைத்திருப்பேன். நான் குழந்தையாக இருந்தபோது போட்டது, நூலில் கட்டியிருக்கும். அறைக்குள் விளக்குகளின் மின்னிரைச்சல் குறுக்கிடும் என்பதால் பின்பக்கத்து வெற்றிடத்துக்குப் போனேன். குமிழ் அதே இடத்தில் இருக்க, மோதிரத்தை ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஒரு சாண் தள்ளி, ஒரு விரல் தள்ளி, காயிலைத் தொட்டே ஆட்டினேன். ம்ஹூம். குமிழை மெதுவாகக் கீழே இறக்கினேன். அலுமினியத் தாளுக்கான குறிக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் பளிச்சென்று கேட்டது.

மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் இந்தக் கருவியின் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றின் வாயை அடைத்தால் இன்னொன்றின் வாயும் அடைபடும். இது எனக்குப் புத்தியில் தெரியும். பாட்டியின் மோதிரத்தைத் தேடி ஒருத்தர் பக்கத்தில் நிற்கும்போது அது கையில் வரவில்லை. அவர்களுடைய எண் என்னிடம் இருந்தது. நேரமாகிவிட்டாலும் கூப்பிட்டு, நான் தேடிய விதம் தப்பு என்று சொன்னேன். காலையில் மறுபடி பார்க்கலாம் என்றதும் அந்தப் பெண், "நாங்க ஆறு மணிக்கே வந்துடறோம் அண்ணா" என்றார்.

மார்ச் 18, புதன்

ஆறு மணிக்கு அவர்கள் எனக்கு முன்பே வந்து, அழிந்துபோன கட்டத்தைக் குச்சியால் மறுபடி வரைந்து வைத்திருந்தார்கள்.

டிஸ்கிரிமினேஷனைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். இனி ஆணி முதல் எல்லாம் பேசும். எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். நான் காயிலை வீச, அந்தப் பெண் சல்லடைக் கரண்டியால் அள்ள, அம்மா கிடைத்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் குழியை மூடிக்கொண்டே வந்தார். குழி மூடுவது முக்கியம், பின்னால் ஓடிவரும் குழந்தையின் கால் மடங்கக் கூடாது. மூன்று பேர் சேர்ந்து செய்யும்போது வேலை ஓடுகிறது.

மாத்திரை அட்டை, சாக்லேட் உறை, ஆணி, டின் வளையம், பாட்டில் மூடி, மறுபடி மாத்திரை அட்டை. நாற்பது குழிகளுக்குப் பிறகு ஓர் இடத்தில் நின்றேன். சத்தம் மெலிசுதான், ஆனால் உருண்டையாக இருந்தது. இடமிருந்து வீசினாலும் வலமிருந்து வீசினாலும் அதே நீளம், அதே அளவு. கசங்கிய தாளின் சத்தத்தில் ஒரு நடுக்கம் இருக்கும், இதில் இல்லை. காயிலை அதன் மேலேயே சின்னதாக ஆட்டிக்கொண்டு, இன்னொரு கையால் டிஸ்கிரிமினேஷனை மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். எந்த இடத்தில் சத்தம் அறுந்துபோகிறதோ, அது அந்தப் பொருளின் அடையாளம். திரை இல்லாத கருவியில் நமக்கு இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான். நேற்றிரவு என் குழந்தைப் பருவ மோதிரம் வாய் மூடிய இடத்துக்கு ஒரு நூல் மேலே போய் இதுவும் வாய் மூடியது.

அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. காயிலைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கல் குறிபோல வீசி இடத்தை விரலால் காட்டினேன். அவர் அள்ளினார். சல்லடையில் மணல் இறங்கியது. சிப்பித் துண்டுகளுக்கு நடுவே தங்கம், மஞ்சளாக, புதிதாகக் கழுவினதுபோல. தங்கத்துக்கு உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை.

அவர் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது, அப்புறம் மெதுவாக மாறியது.

"இது என்னுது இல்லைண்ணா."

விரலில் போட்டுக் காட்டினார், லொடலொடவென்று நின்றது. கொஞ்சம் தடிமனான மோதிரம், உள்ளே இரண்டு எழுத்துகள் செதுக்கியிருந்தன. மூன்று பேரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "யாரோ இதையும் தேடிட்டு இருப்பாங்கல்ல."

கடற்கரைக் காவலர் இருக்கும் குடிலுக்கு மூவருமாகப் போனோம். கருவியைப் பயன்படுத்தலாமா என்று முதல் நாளே அவரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தேன். எல்லாக் கடற்கரையிலும் விடமாட்டார்கள், கேட்காமல் இறங்கவே கூடாது. பழம்பொருள் கிடைத்தால் அரசிடம் ஒப்படைக்க வேண்டிய சட்டமும் பல நாடுகளில் இருக்கிறது. அவர் மோதிரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எழுத்துகளை மட்டும் எழுதாமல் விட்டார். கேட்டு வருகிறவர்கள் அதைச் சொல்லட்டும் என்றார். நல்ல யோசனை.

அப்புறம் கருவியை ஆவலாக வாங்கிப் பார்த்து, "கண்ணிவெடி தேடறதும் இதுதானா சார்?" என்று கேட்டார். அதன் வம்சம்தான் என்றேன். இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படையின் பொறியாளர் யூசெஃப் கோசாட்ஸ்கி, ஒரு வீரர் தனியாகச் சுமந்துகொண்டு நடக்கக்கூடிய கண்ணிவெடிக் கருவியை வடிவமைத்தார். எடை கிட்டத்தட்ட 14 கிலோ. காப்புரிமை எதுவும் கேட்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942இல் எல் அலமைன் பாலைவனத்தில் வழி திறக்க அது உதவியது. காவலர் கருவியைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "இது ஒண்ணரைக் கிலோ கூட இருக்காதே" என்றார். தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: பெரிய இரும்பாக, உருளையாக எதுவும் தென்பட்டால் தொடாமல் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று. சரி என்றேன்.

திரும்பி நடக்கும்போது அம்மாவுக்கு ஒரு யோசனை. மோதிரம் தொலைந்த அன்று எடுத்த போட்டோவைப் பார்க்கலாமே என்றார். இதை நான்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். போனில் அன்றைய படங்கள் வரிசையாக இருந்தன. 4.12க்கு எடுத்ததில் விரலில் மோதிரம் இருக்கிறது, 4.50க்கு எடுத்ததில் இல்லை. நடுவில் ஒரே ஒரு படம், இவர் தண்ணீரோரம் குனிந்து கை கழுவுகிறார். குளிர்ந்த தண்ணீரில் விரல் சிறுத்துப்போகும். மோதிரம் நழுவுவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

அந்தப் படத்தில் பின்னால் நீலப் படகின் மூக்கும் விளக்குக் கம்பமும் தெரிந்தன. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படகும் கம்பமும் அதே மாதிரி ஒன்றை ஒன்று மறைக்கும் இடம் வரை தண்ணீரோரமாக நடந்தோம். எங்கள் கட்டத்திலிருந்து முப்பது அடிக்கு மேல் தள்ளி, சரியாக அலை வந்து திரும்பும் இடம். இந்தக் கருவிக்குப் பிடிக்காத ஈர மணல். அதற்குள் நீர் ஏறத் தொடங்கிவிட்டது.

அவர்கள் மத்தியானம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். நாளைக் காலை நீர் இறங்கும்போது நான் பார்க்கிறேன் என்றேன். அந்தப் பெண் தலையாட்டினார். போகும்போது, பையில் சேர்ந்திருந்த குப்பை முழுவதையும் அவரே தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்.

மார்ச் 19, வியாழன்

நீர் இறங்கும் நேரம் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி பிந்தும். அந்தக் கணக்கில் வந்தேன். இரவு காற்று பலமாக அடித்ததில் கரையின் முகமே மாறியிருந்தது. நேற்று சரிவாக இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மணல் வெட்டுப்பட்டு படிபோல் நின்றது. கடல் மணலை இழுத்துக்கொண்டு போனால் கனமான பொருட்கள் பின்தங்கிப் பள்ளங்களில் சேரும். தேடுகிறவனுக்கு நல்ல காலை. ஆனால் மோதிரம் இருந்த மணலும் அதோடு இடம் மாறியிருக்கலாம்.

படகையும் கம்பத்தையும் ஒன்றாகச் சேர்த்து நின்றேன். காயிலை ஈர மணலுக்கு மேல் ஏற்றி இறக்கி, இரைச்சல் குறையும்வரை கிரவுண்ட் பேலன்ஸைத் திருப்பினேன். சென்சிட்டிவிட்டி மூன்றில் ஒரு பங்கு. டிஸ்கிரிமினேஷன் சுழியம், இன்று அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒவ்வொரு அலை போன பிறகும் தண்ணீர் மணலுக்குள் வடியும்வரை நின்று, அப்புறம் வீசினேன். வேகமாக வீசினால் உப்பு கத்துகிறது. ஆமை நடையில் போனால் பொறுத்துக்கொள்கிறது. இந்த நிலையில் நாலு விரல் ஆழத்துக்குக் கீழே மெல்லிய மோதிரம் கேட்காது என்று என் சோதனை மோதிரத்தைப் புதைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணி நேரம். பதினேழு ஈயக் குண்டுகள், ஆறு நாணயங்கள். அதில் ஒன்று பச்சை பூத்து எழுத்தே தெரியவில்லை. ஒரு முறை உருண்டையான சத்தம் கேட்டு நெஞ்சு அடித்துக்கொண்டது, பித்தளை வளையம். நடுவில் ஒரு அலை எதிர்பாராமல் ஏறி வந்து முழங்கால்வரை நனைத்தது. பெட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது, அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். நல்லவேளை, காயிலும் தண்டும்தான் நனைந்தன.

மோதிரம் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இந்தக் கருவிக்கு எட்டும் ஆழத்தில் அது இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றேன். இங்கே இல்லவே இல்லை என்று இந்த முறை சொல்லவில்லை. அவர் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த இன்னொரு மோதிரத்துக்கு யாராச்சும் வந்தாங்களாண்ணா?" என்று கேட்டார். இன்னும் இல்லை.

ஈயக் குண்டுகளைப் படகு நிழலில் இருந்த பெரியவரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, துளை அடைபடாததைத் தனியாக வைத்தார். ஓதம் எந்த நாளில் எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். அவர் விரலில் எண்ணி, பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் வா என்றார்.

காயிலையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைக் கழற்றிக் காய வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரிடம் பல்ஸ் வகைக் கருவி இருக்கிறது, கேட்டிருக்கிறேன். படகு நகர்ந்தாலும் கம்பம் நகராது என்பதால், கம்பத்திலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்பதைக் கயிறு பிடித்து அளந்து நோட்டில் எழுதிவைத்துவிட்டேன்.